ரெண்டு சக்கரமும் சேர்ந்து சுத்தினா

1

போன சனிக்கிழமை பெர்த்ல ஒரு கார் சாமான் கடை கவுண்டர்ல நின்னுக்கிட்டு, முழுசா ஒரு நிமிஷம் பேச்சில்லாம இருந்தேன். என்னைத் தெரிஞ்சவங்க யாரும் இதை நம்பப் போறதில்ல. கல்யாணத்துல ஃபாதர் "சம்மதமா?"ன்னு கேட்டப்பவே இடையில ஒரு ஜோக் அடிச்ச வாய் இது.

கடைக்காரர் கெவின் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஆட்டோமேட்டிக்கா, ஸ்விட்ச் வச்சதா?"

விஷயம் இதுதான். எங்கிட்ட ஒரு பழைய பிக்கப் வண்டி இருக்கு. என் பொண்ணு நான்சிக்குப் பதினேழு முடிஞ்சு லைசென்ஸ் வந்தாச்சு. வார நாள்ல அதை காலேஜுக்கு ஓட்டணும், ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட கடற்கரை மணல்ல இறக்கணும். மணல்ல சிக்காம இருக்க பின் ஆக்ஸில்ல லாக்கர் போடணும்.

லாக்கர்னா பீரோ லாக்கர் இல்ல. எந்த வண்டியிலயும் பின்னாடி ரெண்டு சக்கரம். ஒண்ணு மணல்ல மாட்டிக்கிட்டு சும்மா சுத்த ஆரம்பிச்சா, இன்ஜின் சக்தி பூரா அதுக்கே போயிடும். இன்னொண்ணு கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கும். நம்ம ஊர் ஆபீஸ்ல ஒருத்தர் ஃபைல் தூக்க, மத்தவர் டீ குடிக்கிற மாதிரி. லாக்கர் போட்டா ரெண்டையும் ஒண்ணாப் பூட்டிடும், ரெண்டும் சேர்ந்து தள்ளும். ஆட்டோமேட்டிக் தானாவே பூட்டிக்கும், திருப்பத்துல தானாவே விடும். இன்னொரு வகையில ஒரு ஸ்விட்ச் இருக்கும், வேணும்போது நாமதான் போடணும்.

"டாட், ஆட்டோமேட்டிக்கே எடு. எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம் பாரு"ன்னா நான்சி, இங்கிலீஷ்ல. தமிழ் அவளுக்குப் புரியும், வாயில வராது.

நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே கவுண்டர்ல, இதே கெவின்கிட்ட, இதே வாக்கியத்தை நான் சொல்லியிருக்கேன். அதான் வாயடைச்சுப் போச்சு.

2

தொண்ணூத்தி அஞ்சு. ஊர்ல மழைக்காலம் ஆரம்பம். தங்கச்சி ரீட்டா போன் பண்ணினா. ஐ.எஸ்.டி. பூத்துல மீட்டர் ஓடுறதைப் பாத்துக்கிட்டே பேசுறவ, அன்னிக்கு மீட்டரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

அப்பா சாந்தோம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல முப்பது வருஷத்துக்கு மேல கணக்கு வாத்தியார். ரிட்டையர் ஆனப்புறம் பாலவாக்கத்துல ரீட்டா வீட்டுல இருந்தார். முதுகுவலி முதுகுவலின்னு தைலம் தேய்ச்சு, கடைசியில பாத்தா கட்டி முதுகெலும்புக்கே வந்துடுச்சு. அடையாத்து கேன்சர் ஆஸ்பத்திரியில இருபத்தஞ்சு நாள் கரண்ட், அதான் ரேடியேஷன், வைக்கணும்னுட்டாங்க. டாக்டர் ரெண்டு விஷயம் சொன்னாராம். ஒரு நாள்கூட விடக்கூடாது. முதுகுல அதிர்ச்சி படவே கூடாது, எலும்பு உளுத்திருக்கு, ஒரு பலமான குலுக்கல் போதும், கால் ரெண்டும் போயிடும்.

பாலவாக்கத்துல ரீட்டா வீடு கடலுக்குப் பக்கம். மெயின் ரோட்டுலேர்ந்து வீட்டுக்கு முந்நூறு மீட்டர் வெறும் மணல். ஆட்டோ உள்ள வராது. ஆம்புலன்ஸ் ஒருநாள் வந்து, அச்சு வரைக்கும் இறங்கி, மீன்காரங்க இருபது பேர் தள்ளி வெளிய எடுத்தாங்களாம். நாற்காலியில உக்கார வச்சுத் தூக்கினாங்க. நாலு ஆள் நாலு உயரம், ஒவ்வொரு அடிக்கும் ஒரு குலுக்கல். மயிலாப்பூர்ல சித்தப்பா வீடு இருக்கு, ஆனா மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

மிச்சம் இருந்தது ரீட்டா புருஷன் சேவியரோட ஜீப். மிலிட்டரி ஏலத்துல எடுத்தது. பின்னாடி மெத்தை போட்டு அப்பாவைப் படுக்க வைக்கலாம். ஆனா முன் ஆக்ஸிலுக்குள்ள இருந்த பல்சக்கரத்தையெல்லாம் யாரோ எப்பவோ உருவி வித்துட்டாங்க. முன்சக்கரத்து நடுவுல ரெண்டு குமிழ் மட்டும் அழகுக்கு நின்னுச்சு. பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும்.

"அண்ணா, பாதி நாள் மணல்ல நிக்குது. நாங்க தள்ளும்போது அப்பா உள்ளயே படுத்திருக்காரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஜோக் வேற அடிக்கிறாரு"ன்னா. சொல்லிட்டு அழுதா.

நான் இங்க சுரங்க மெஷின் சாமான் வைக்கிற குடோன்ல ஸ்டோர் கீப்பர். சொந்தபந்தத்துல யாருக்காவது உடம்பு சரியில்லன்னா எனக்குத் தோணுற முதல் மருந்தே ஸ்பேர் பார்ட்தான். "லாக்கர் கொண்டாரேன். பத்து நாள் சமாளி"ன்னேன். லாக்கருக்கு அளவு எடுக்க சேவியர் ராயப்பேட்டை மெக்கானிக் பாஷா பாய்கிட்ட ஓடினான். பாய் ஆக்ஸில் முனையில கிரீஸைத் தடவி வெள்ளைத்தாள்ல உருட்டி எடுத்தார், விரல் ரேகை எடுக்கிற மாதிரி. அந்தத் தாள் தி.நகர்ல ஒரு கடையிலேர்ந்து எனக்கு ஃபேக்ஸா வந்துச்சு. பல்லு பல்லா, சுத்தமா எண்ணுற மாதிரி.

அதை எடுத்துக்கிட்டு கெவின்கிட்ட போனேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் சொன்னார். "மணல் முந்நூறு மீட்டர், தார் ரோடு பத்து கிலோமீட்டரா? அப்போ ஸ்விட்ச் வகைதான். ஒரு வாரம் கழிச்சு வந்தாலும் அதுக்கே காத்திரு."

நான் சிரிச்சேன். "கெவின், எங்க ஊர்ல ஸ்விட்ச்செல்லாம் போட மறந்துடுவாங்க. போட்டா அணைக்க மறந்துடுவாங்க. ஆட்டோமேட்டிக் குடு. எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம்."

வாத்தியார் குடும்பம். ரீட்டாவும் டீச்சர்தான், அவளோட அஞ்சாங்கிளாஸ் பசங்க நாப்பது பேரோட பேரும் இனிஷியலோட ஞாபகம் இருக்கும். வெளிநாட்டுல ஏழு வருஷம் இருந்ததுல எனக்கு வந்த புத்தியைப் பாத்தீங்களா?

3

மீனம்பாக்கத்துல இறங்கினேன். பொட்டியில ரெண்டு சட்டை, ஒரு வேட்டி, துணிக்கு நடுவுல குழந்தையைச் சுத்துற மாதிரி துண்டுல சுத்தின இரும்பு.

கஸ்டம்ஸ்ல ஒரு அதிகாரி துண்டை விலக்கிப் பாத்தார். மூக்குக் கண்ணாடியை ஏத்தினார்.

"என்ன சார் இது?"

"ஜீப் சாமான் சார்."

"ஜீப் எங்க?"

"பாலவாக்கத்துல."

"இன்வாய்ஸ்ல ஆக்ஸில் பார்ட்னு இருக்கு. டிக்ளரேஷன்ல பெர்சனல் எஃபெக்ட்ஸ்னு எழுதியிருக்கீங்க. ஆக்ஸிலை யார் சார் உடம்புல மாட்டிக்கிறாங்க?"

"நோ வொர்ரீஸ்"னு பழக்கதோஷத்துல சொல்லித் தொலைச்சேன். அவர் நிமிர்ந்து பாத்தார். "வொர்ரி பண்றதுதான் சார் எனக்கு சம்பளம். இந்தப் பக்கம் வாங்க."

மூணு மேஜை, மூணு ஃபாரம். நடுவுல ஒரு இடத்துல கார்பன் தீர்ந்து போய் ஒருத்தர் வாங்கப் போனார். என் கடிகாரம் இன்னும் பெர்த் நேரத்துல ஓடுது. மணி பத்துக்கு அப்பாவுக்கு கரண்ட். சேவியர் வெளிய நின்னுக்கிட்டிருக்கான், அப்பாவை அன்னிக்கு நாற்காலியிலதான் தூக்கிட்டுப் போயிருக்காங்க. கடைசியில நான் அந்த அதிகாரிகிட்ட அப்பா கதையைச் சொல்லி, ரெண்டு முஷ்டியையும் முன்னாடி நீட்டி, சக்கரம் சுத்துற மாதிரி சுத்திக் காட்டினேன். "இதைப் போட்டா ரெண்டு சக்கரமும் சேர்ந்தே சுத்தும் சார். மணல்ல நிக்காது."

அவர் என் முஷ்டியையே கொஞ்ச நேரம் பாத்தார்.

"சேர்ந்தே சுத்தினா வண்டி எப்படி சார் திரும்பும்?"

"அதெல்லாம் தானா விட்டுக்கும் சார்."

"யார் விடுவா?"

"அதுவே சார். ஆட்டோமேட்டிக்."

"பாத்துக்கோங்க"ன்னுட்டு சீல் குத்தினார். வெளிய வந்து சேவியர்கிட்ட இதைச் சொல்லி வயிறு குலுங்கச் சிரிச்சேன். இவங்களுக்கு என்ன புரியும்னு.

4

பாஷா பாய் ஷெட் ராயப்பேட்டையில, ரெண்டு கடைக்கு நடுவுல ஒரு சந்து. லாக்கரைக் கையில வாங்கி, ஆட்டிப் பாத்து, காதுல வச்சுக் கேட்டார்.

"இன்னா சார், உள்ள பல்லு கடிக்குது?"

"அப்படித்தான் பாய் இருக்கும். பூட்டி விடுற சத்தம்."

"ரோட்லயும் இதான் ஓடணுமா?"

"ஆமா."

"பெரியவரு படுத்துக்கினு வர்ற வண்டி சார் இது. ஷோக்கா கீது, இல்லேன்னு சொல்லல. ஆனா டப்பு டப்புன்னு உடும் போலக்கீதே."

"பாய், ஆஸ்திரேலியாவுல ஆயிரம் வண்டியில ஓடுது."

"ஓடட்டும். அங்க யாரு படுத்துக்கினு போறா?"

இதுக்கும் சிரிச்சேன். ஒரே நாள்ல ரெண்டு பேர் என்னை எச்சரிச்சாங்க, கெவினோட சேர்த்தா ரெண்டு கண்டத்துலேர்ந்து மூணு பேர். நான் கேக்கல. ராத்திரிக்குள்ள பாய் அதை மாட்டி முடிச்சுட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணி. அப்பா பின்னாடி மெத்தையில. அவர் தலைமாட்டுல ரீட்டா. சேவியர் ஸ்டியரிங்ல, நான் பக்கத்துல. வண்டி மணல்ல இறங்குச்சு. சும்மா சொல்லக்கூடாது, கோயில் தேர் மாதிரி போச்சு. ஒரு உறுமல், ஒரு உதறல் கிடையாது. மீன் விக்கிற அம்மா கூடையை இறக்கி வச்சுட்டு கை தட்டுச்சு.

"மச்சான்! நீ மனுஷனே இல்ல, தெய்வம்!"னான் சேவியர்.

"மாப்ள, பாராட்டு விழா எல்லாம் அப்புறம். ரோட்டைப் பாருங்க"ன்னார் அப்பா. குரல்ல ஒரு சந்தோஷம்.

மணல் முடிஞ்சு மகாபலிபுரம் ரோடு. இப்ப அதுக்கு ஈ.சி.ஆர்.னு பேர் வச்சிட்டாங்களாம். சேவியர் வலது பக்கம் திருப்பினான்.

டமார்.

சுத்தியலால அடிச்ச மாதிரி ஒரு சத்தம் பின்னாடி. வண்டி ஒரு வெட்டு வெட்டுச்சு. அப்பா ஏதோ சொல்லிக்கிட்டிருந்தார், பாதி வாக்கியத்துல நின்னுச்சு. கத்தல. கத்தியிருந்தா தேவலாம்.

"அப்பா?"

"ஒண்ணு"ன்னார்.

திருவான்மியூர்ல ஒரு பஸ்ஸை ஒதுக்கி வளைச்சப்ப இன்னொரு டமார். "ரெண்டு." எல்.பி. ரோட்டுல குழிக்கு ஒதுங்கினா அதுவும் ஒரு திருப்பம்தான். அடையாறு சிக்னல்ல இடது. ஆஸ்பத்திரி கேட். உள்ள ஒரு வளைவு. எண்ணிக்கிட்டே வந்தார். கணக்கு வாத்தியார், வலியையும் நம்பர் போட்டுத்தான் அடுக்குவார்.

இறக்கும்போது சொன்னார். "மொத்தம் பதினொண்ணு. திரும்பிப் போக இன்னொரு பதினொண்ணு. பதினாலு நாள் பாக்கி. பெருக்கிப் பாத்துக்கோ."

ரீட்டா என் முகத்தையே பாக்கல.

5

ஆட்டோமேட்டிக் லாக்கருக்கு ஒரு குணம். கால் ஆக்ஸிலேட்டர்ல ஒரே சீரா இருந்தா மெதுவா விட்டுக்கும். நடுத் திருப்பத்துல காலை எடுத்து மறுபடி மிதிச்சா, வெடுக்குனு பூட்டிக்கும். அந்த டமார் அதுதான்.

இப்ப சேவியர் எப்படி ஓட்டுவான்? உங்க வீட்டு ஆளுங்க எப்படி ஓட்டுவாங்களோ அப்படித்தான். திருப்பம் வந்தா உடனே நியூட்ரல். வண்டி சும்மா உருளும், டீசல் மிச்சம். பாதி திருப்பத்துல கியரைப் போட்டு ஒரு மிதி. நானும் அப்படித்தான் ஓட்டினவன், அந்தப் பழக்கம் ரத்தத்துல ஊறினது. கெவின் "ஓட்டுறவர் எப்படி?"ன்னு கேட்டப்ப "ரொம்ப நிதானம்"னு சொன்னேன். நியூட்ரலைப் பத்திச் சொல்ல ஞாபகமே வரல.

"மாப்ள, கியரை எடுக்காத. காலை ஒரே மாதிரி வை"ன்னு மறுநாளும் அதுக்கு மறுநாளும் பக்கத்துல உக்காந்து ஜெபம் மாதிரி சொல்லிக்கிட்டே வந்தேன். அவன் முயற்சி பண்ணினான். பாவம், இருபது வருஷத்துக் கை அது, அவனைக் கேக்காமலே நியூட்ரலுக்குப் போகும்.

மூணாம் நாள் மழை. திருவான்மியூர் தாண்டி ரோட்டுல கண்ணாடி மாதிரி தண்ணி. எதிர்ல ஒரு தண்ணி லாரி. சேவியர் இடது பக்கம் ஒடிச்சான். கை நியூட்ரலுக்குப் போறதை நான் பாத்தேன்.

"வேணாம் மாப்ள!"

கியர் விழுந்துச்சு. பூட்டிக்கிச்சு. ரெண்டு சக்கரமும் சேர்ந்து சுத்தி, ஈர ரோட்டுல வண்டியோட பின்பக்கம் தனியாக் கிளம்பிடுச்சு. லாரி முகப்பு சேவியர் ஜன்னல் பக்கமா நகர்ந்து வந்துச்சு, அவ்வளவு மெதுவா, அதுல தொங்கின எலுமிச்சம்பழத்தைக்கூட எண்ணியிருப்பேன். ரீட்டா அப்பா மேல குப்புறக் கவிழ்ந்து ரெண்டு கையாலயும் மெத்தையைப் பிடிச்சா. டயர் பிளாட்பாரத்துல முட்டி நின்னுச்சு. லாரி ஹாரனை விடாம அமுத்திக்கிட்டே போச்சு.

அப்பா நம்பர் சொல்லல.

"அப்பா!"

"இருக்கேன்." கொஞ்ச நேரம் கழிச்சு, "ரீட்டா, என் இடது கால் எங்கம்மா?"ன்னார்.

இருந்துச்சு. அவளோட மடியிலதான் இருந்துச்சு. அவருக்குத்தான் தெரியல.

அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி வரைக்கும் நான் ஜோக் அடிக்கல. சேவியர் ஒரே கியர்ல, ஒரே வேகத்துல, அழுதுக்கிட்டே ஓட்டினான். டாக்டர் ஒரு ஊசியை எடுத்து அப்பாவோட பாதத்துல குத்திப் பாத்தார். ஒண்ணும் இல்ல. கணுக்கால்ல குத்தினார். ஒண்ணும் இல்ல. எங்களை வெளிய நிக்கச் சொன்னாங்க. சுவத்துல சாஞ்சு நின்னப்ப, அந்த இரும்பைத் துண்டுல சுத்தினது ஞாபகம் வந்துச்சு. எவ்வளவு பிரியமாச் சுத்தினேன்.

முக்கா மணி நேரம். கதவு திறந்துச்சு.

"உணர்ச்சி திரும்புது. கட்டைவிரலை ஆட்டுறார்"னார் டாக்டர். "கரண்டும் வச்சாச்சு. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னைக் கேக்காதீங்க."

6

அப்பாவை ஒரே ஒரு ராத்திரி வார்டுல வச்சுக்கிறோம்னாங்க, கட்டில் காலி இல்ல. நாளைக்குக் காலையில கரண்ட் முடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடணும். சேவியரை அப்பாகிட்ட விட்டுட்டு, நானும் ரீட்டாவும் ஜீப்பை எடுத்துக்கிட்டு நேரா ராயப்பேட்டை போனோம்.

"கழட்டிடுங்க பாய்"ன்னேன்.

"கழட்டினா மணல்ல இன்னா பண்ணுவீங்க?"

போட்டா ரோட்டுல சாவு, எடுத்தா மணல்ல சாவு. பாய் பீடியைப் பத்த வச்சார். ரீட்டா ஜீப்பைச் சுத்தி வந்துக்கிட்டிருந்தா. பரீட்சை ஹால்ல பிட்டு தேடுற மாதிரி ஒரு பார்வை. முன்சக்கரத்துக்கிட்ட நின்னா.

"பாய், இந்தக் குமிழ் எதுக்கு?"

"அதும்மா, ஃபோர் வீல் வேணாம்னா இப்டி திருப்பி வுட்டா சக்கரம் தனியா கழண்டுக்கும். உள்ளகீற தண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. திருப்பினா மறுபடி கோத்துக்கும். இந்த வண்டிலதான் முன்னாடி ஒண்ணுமே இல்லியே, சும்மா கீது."

"சும்மாதானே இருக்கு. இதைக் கழட்டிப் பின்னாடி ஒரு சக்கரத்துல போட்டா?"

பாய் சிரிச்சார். பீடியை வாயில வச்சார். எடுத்தார். குனிஞ்சு முன்சக்கரத்தைப் பாத்தார், போய்ப் பின்சக்கரத்தைப் பாத்தார். நூலை எடுத்து அளந்தார்.

"நைனா"ன்னார் என்னைப் பாத்து, "பழைய ஜீப்பு. முன்னயும் பின்னயும் ஒரே அளவு."

மணல்ல குமிழைக் கோத்துட்டா ரெண்டு சக்கரமும் இழுக்கும். ரோட்டுக்கு வந்ததும் திருப்பி விட்டா ஒரு சக்கரம் சும்மா உருளும், இன்னொண்ணு மட்டும் இழுக்கும், லாக்கர் எதோட சண்டை போடும்? அதாவது, கைல திருப்புற ஒரு ஸ்விட்ச். இவங்க போட மறந்துடுவாங்கன்னு நான் சொன்ன அதே ஸ்விட்ச்.

"யாரும்மா தினம் இறங்கித் திருப்புவா?"ன்னார் பாய்.

"நான்"னா ரீட்டா. அப்புறம் என் பக்கம் திரும்பினா. "ஏண்ணா, மொதல்லயே இந்த மாதிரி ஸ்விட்ச் வச்சது கிடைக்கலையா அங்க?"

ஏழு வருஷத்துல எத்தனையோ பொய் எழுதியிருக்கேன் லெட்டர்ல. வேலை நல்லா இருக்கு, வீடு பெருசு, புள்ளைங்க தமிழ் பேசுதுங்கன்னு. அன்னிக்கு ஒண்ணும் வரல.

"கிடைச்சுது. உங்களுக்குப் போடத் தெரியாதுன்னு நினைச்சேன்."

அவ திட்டியிருக்கலாம். முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு, பாய் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து, "எத்தனை சுத்து பாய், எந்தப் பக்கம்?"னு கத்துக்க ஆரம்பிச்சா.

7

மறுநாள் ஆஸ்பத்திரி கேட்டுலேர்ந்து கிளம்பினோம். மழை விட்டிருந்துச்சு. முதல் வளைவு. நாங்க மூணு பேரும் மூச்சை அடக்கிக்கிட்டோம். சேவியர் வழக்கம்போல நியூட்ரலுக்குப் போனான். கியரைப் போட்டான். மிதிச்சான்.

சத்தமே இல்ல.

அடையாறு சிக்னல். இல்ல. குழி, பஸ், தண்ணி லாரி. இல்ல. பின்னாலேர்ந்து அப்பா மட்டும் விடாம எண்ணிக்கிட்டு வந்தார். "ஒண்ணு... ரெண்டு..." பதினொண்ணு முடிஞ்சு மணல் தொடங்குற இடத்துல வண்டி நின்னுச்சு. ரீட்டா குதிச்சு இறங்கி, குமிழைத் திருப்பி, கிரீஸ் கையைச் சேவியர் சட்டையில துடைச்சுட்டு ஏறினா. ஜீப்பு மணல்ல கோயில் தேர் மாதிரி போச்சு.

"சத்தம் இல்லாதப்ப ஏம்ப்பா எண்ணுறீங்க?"ன்னேன்.

"ஒவ்வொரு திருப்பத்துலயும் அந்த டமார் இருக்கான்னு சரி பாத்தேண்டா. உன்னை நம்பி எண்ணாம விட முடியுமா?"

லீவு முடிஞ்சு நான் கிளம்பினப்ப இன்னும் அஞ்சு நாள் கரண்ட் பாக்கி. அந்த அஞ்சு நாளும் தினம் ரெண்டு தடவை அவ இறங்கித் திருப்பினா. ஒருநாள்கூட மறக்கல. அப்பா அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இருந்தார். கடைசி மாசம் வரைக்கும் கடற்கரைக்குத் தன் காலாலயே நடந்து போனார்.

இதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துல கெவின் கவுண்டர்ல ஓடி முடிஞ்சுது. அவர் இன்னும் காத்துக்கிட்டிருந்தார். நான்சி என் கையை உலுக்கினா.

இந்தத் தடவை நான் தேர்ந்தெடுக்கப் போறதில்லன்னு முடிவு பண்ணினேன். கண்ணாடிப் பெட்டி மேல இருந்த லாக்கரை எடுத்து அவ கையில குடுத்தேன். கனத்துல கை ஒரு இறக்கம் இறங்குச்சு. "ஓட்டப் போறது நீதான். இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன், நீயே முடிவு பண்ணு"ன்னு தமிழ்லயே சொன்னேன். கெவின் பாக்க, ரெண்டு முஷ்டியையும் நீட்டிச் சேர்த்துச் சுத்திக் காட்டினேன்.

அவ என் முஷ்டியையே பாத்துக்கிட்டு நின்னா. புருவம் சுருங்குச்சு.

"ரெண்டும் சேர்ந்து சுத்தினா," அவளுக்கே தெரியாம தமிழ்ல, தப்புத் தப்பா, "அப்போ வண்டி எப்படி டாட் திரும்பறது?"

நான் சிரிக்கல. அவ முடிவைச் சொல்லியாச்சுன்னு கெவின்கிட்ட திரும்பி, "ஸ்விட்ச் வச்சது"ன்னேன்.